நீண்ட அறிவியல் சொல்லை எங்கே வெட்டுவது?

ஆங்கில அறிவியல் சொல்லையும் தமிழைப்போல எழுத்துக்கூட்டிப் படிப்பதுதான் முதல் தவறு. தமிழில் எழுத்துகளைச் சொன்னால் சொல் வந்துவிடும். ஆங்கிலத்தில் எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது என்பது தெரியாவிட்டால், ஓர் எழுத்தும் விடாமல் சொன்னாலும் கேட்பவருக்குச் சொல் பிடிபடாமல் போகலாம்.

இதைவிடப் பெரிய குழப்பம், பொருளுக்காகப் பிரிப்பதையும் ஒலிக்காகப் பிரிப்பதையும் ஒன்றென்று நினைப்பது. ‘தெர்மோ’ வெப்பம், ‘மீட்டர்’ அளவி. பொருள் விளங்க இந்த வெட்டு போதும். அங்கேயே வெட்டிச் சொன்னால் இரண்டு சொற்களாகக் கேட்கும். ஆங்கிலத்தில் அது தெர்-மாம்-இ-டர். ஓங்குவது ‘மாம்’ மட்டுமே. பின்னால் வரும் ‘மீ’ குறுகிவிடுகிறது. பாரோமீட்டரும் இப்படித்தான்: ப-ராம்-இ-டர்.

அழுத்தத்தைச் சொல்லின் தலையில் தேடாதீர்கள்; பெரும்பாலும் அதை முடிவு செய்வது வால். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை ஓங்குகிறது. ‘ஃபோட்டோகிராஃபி’ ஆனதும் அழுத்தம் இரண்டாவது அசைக்குப் போய், ஃப-டாக்-ர-ஃபி என்று ஒலிக்கிறது. ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவதான ‘கிராஃப்’ ஓங்கும். ஒரே வேர், மூன்று இடங்கள்! லஜி, கிராஃபி என முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாம் அசை. ‘இக்’ என முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசை. இந்த இரண்டையும் மனத்தில் பதித்துக்கொண்டாலே பாதி பயம் போய்விடும்.

அகராதியின் ஒலிக்குறிப்பில், எழுத்துக்கு மேல்பக்கமாகச் சிறிய செங்குத்துக் கோடு (ˈ) ஒன்று இருக்கும். பன்னாட்டு ஒலிக்குறி முறையில் அது ஓங்கும் அசைக்கு முன்னால் நிற்கும். அதை முந்தைய அசைக்கு உரியதாகப் படித்துவிடுபவர்கள் பலர்.

ஊமை எழுத்துகளும் உண்டு. நியூமோனியாவின் முதல் எழுத்து ‘பி’, ஆனால் ஒலிப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் ‘சி, எச்’ சேர்ந்து ‘க்’ ஆகிறது. கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் அது வழக்கம்.

1935-இல் எவரெட் ஸ்மித் உருவாக்கிய, 45 எழுத்துகள் கொண்ட நுரையீரல் நோய்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் சொல்ல முயல வேண்டாம். நியூமோனோ, அல்ட்ரா, மைக்ரோஸ்காபிக், சிலிகோ, வால்கேனோ, கோனியோசிஸ் என்று ஆறு துண்டுகளாக்கி, கடைசித் துண்டிலிருந்து பழகுங்கள். முதலில் ‘ஓசிஸ்’, பிறகு ‘கோனி-ஓசிஸ்’. முதன்மை அழுத்தம் விழுவது அந்த ‘ஓ’வில்தான்.