படுவான்கரையில் குடியேறும் இளம் ஊழியருக்கு: முதல் வாரம் செய்ய வேண்டியவை

திருச்சபை உங்களை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கிராமத்துக்கு ஊழியம் செய்ய அனுப்பத் தீர்மானித்திருந்தால், முதல் ஏழு நாளும் ஒரு கூட்டமும் வைக்காதீர்கள். தனியே வேதம் வாசியுங்கள், ஜெபியுங்கள். அந்த வாரத்து வேலை குடியேறுவது: தண்ணீர், கூரை, கிராம அலுவலர், பக்கத்து வளவு, கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர். இந்த ஒழுங்கு குழம்பினால் அதைச் சரிசெய்வதிலேயே மாதக்கணக்கில் போய்விடும்.

போவதற்கு முன்

வீடு பார்க்க ஏற்ற காலம் ஆடி, ஆவணி. கச்சான் காற்றடித்துக் கிணறுகள் வற்றும் நேரம் அது. அப்போதும் தண்ணீர் நிற்கிற கிணறு ஆண்டு முழுக்கக் கைவிடாது. மார்கழியில் பார்த்தால் எல்லாக் கிணறும் நிறைந்துதான் கிடக்கும், ஒன்றும் விளங்காது. குடிபோக ஏற்றது பங்குனி: பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்திருக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், பாதையும் காய்ந்திருக்கும். ஐப்பசி தொடக்கம் தை வரை வேறு வழியில்லை என்றால் மட்டும் போங்கள். வெள்ளத்தில் வெல்லாவெளி – மண்டூர் வீதி மூழ்கும். வடக்கே கிரான் – புலிபாய்ந்தகல் வீதியும் அப்படித்தான்.

கிணற்றில் இரண்டைப் பாருங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஆகக் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும். அடுத்தது, ஒரு வாய் குடித்துப் பாருங்கள். வாவிப் பக்கத்து வளவுகளில் தண்ணீர் உவர்க்கும். உவர்த்தால் குடிதண்ணீருக்குக் குழாய் இணைப்பு உண்டா, கோடையில் பவுசர் (தண்ணீர் வண்டி) எந்தச் சந்தி வரை வரும், எந்த நாளில் வரும் என்று கேட்டுவிட்டுத்தான் முற்பணம் கொடுக்க வேண்டும்.

வாடகை பேசும்போது பலரும் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். முற்றத்தில் இருந்து விலை பேசுபவர் ஐயாவாக இருப்பார், காணி உறுதியோ மகளின் பெயரில் இருக்கும். யார் பெயரில் என்று மரியாதையாகக் கேட்டு, அந்தப் பிள்ளையின் கையெழுத்தை ஒப்பந்தத்தில் வாங்குங்கள். அவர் மத்திய கிழக்கில் வேலையில் இருந்தால், தொலைபேசியில் பேசிச் சம்மதம் கேட்டபின் ஐயாவின் கையெழுத்தோடு கிராமத்தவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் இருக்கட்டும். மின்மானியின் இலக்கத்தையும் அன்றைய வாசிப்பையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பழைய நிலுவை உங்கள் தலையில் விழாமல் காப்பது அந்த ஒரு வரிதான்.

சாமான்

ஒரு பட்டா லொறிக்குள் அடங்கும் அளவு போதும். மடக்குக் கட்டில், நுளம்பு வலை, 20 லீற்றர் கலன் இரண்டு, 60 அடி கிணற்றுக் கயிறும் வாளியும், 5 கிலோ காஸ் சிலிண்டர், டோர்ச் இரண்டு, முழங்கால் வரை வரும் றப்பர் பூட்ஸ், கூரை ஒழுகினால் விரிக்க 10க்கு 12 அடி பொலித்தீன், பூட்டு இரண்டு, சில்லறை நோட்டாகக் கொஞ்சக் காசு. புத்தகம் இரண்டு பெட்டிக்கு மேல் வேண்டாம். அவற்றையும் நிலத்தில் வைக்காமல் நான்கு செங்கல்லின் மேல், சுவரில் முட்டாமல் வையுங்கள். கறையான் சுவரோடுதான் ஏறும். ஒலிபெருக்கியை நகரிலேயே விட்டுவிடுங்கள். அதை லொறியிலிருந்து இறக்குவதை ஊர் கண்டால், நீங்கள் வாய் திறக்குமுன்பே உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

நகரிலிருந்து வவுணதீவுப் பக்கம் போக வலையிறவுப் பாலம், கொக்கட்டிச்சோலைக்கு 2014இல் திறந்த மண்முனைப் பாலம், போரதீவு, வெல்லாவெளிக்குக் களுவாஞ்சிகுடியால் போய்ப் பட்டிருப்புப் பாலம். சாமானோடு படகுப்பாதையை (வாவியைக் கடக்கும் மிதவையை) நம்ப வேண்டாம். காற்றோ வெள்ளமோ வந்தால் மிதவை ஓடாது, நீங்களும் லொறியும் கரையில் நிற்பீர்கள்.

திங்கள்: திறப்பும் கிணறும்

வீட்டுக்காரர் நல்ல நேரம் பார்த்துத்தான் திறப்பைத் தருவார். திங்களில் காலை 7.30 தொடக்கம் 9 வரை ராகுகாலம், அதற்குள் வரச் சொல்லமாட்டார். வீடு அவர்களுடையது, நேரத்தையும் அவர்கள் சொல்லட்டும். ஆனால் பகல் 12 மணிக்குள் சாமான் இறங்கிவிட வேண்டும். இருட்டில் இறங்கும் சாமானைப் பற்றி ஊர் பலதும் நினைக்கும்; அதோடு வெளிச்சத்தில்தான் கிணற்று வேலை செய்யலாம்.

நெடுநாள் பாவிக்காத கிணற்றை முதலில் இறைத்து வெளியேற்றுங்கள். தண்ணீர் ஊறித் தெளிந்ததும் வெளிற்றும் தூள் (பிளீச்சிங் பவுடர்) போட வேண்டும். அளவு இப்படி: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் (மீற்றரில்) × 785. வருவது லீற்றர். விட்டம் 1.2 மீற்றர், ஆழம் 2 மீற்றர் என்றால் ஏறக்குறைய 2260 லீற்றர். 1000 லீற்றருக்கு 2.5 கிராம் நல்ல தூள், ஆகவே இந்தக் கிணற்றுக்கு 6 கிராம் அளவில் போதும். தூளைக் கொஞ்சத் தண்ணீரில் குழைத்து, வாளியில் முக்கால்வாசிக்கு நீர் விட்டுக் கலக்கி, 10 நிமிடம் அடைய விடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் ஊற்றக்கூடாது. ஊற்றினால் தண்ணீர் கடினமாகும். தெளிந்த நீரை வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழும் அசைத்துக் கலந்துவிடுங்கள். ஒரு மணித்தியாலம் கழியுமுன் அள்ளக்கூடாது. பின்னேரம் செய்தால் இரவு முழுக்கக் கிணறு ஓய்ந்திருக்கும்.

பிழைப்பது பெரும்பாலும் தூளில்தான். திறந்த பொதியில் மாதக்கணக்கில் கிடந்த தூளில் குளோரின் போயிருக்கும், எவ்வளவு கொட்டியும் பயனில்லை. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு மேலே சொன்ன அளவு போதாது, பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவைக் கூப்பிடுங்கள். எப்படியானாலும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

முதல் இரவே கட்டிலில் படுங்கள், வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். எண்ணெய் விரியன் பாம்பு இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும். வலி தெரியாது, காயமும் தெரியாது, விடியும்போது கண் இமை விழுந்து மூச்சு முட்டும். சுருட்டை, கண்ணாடிப் புடையன் இரண்டும் வெளியில், விறகுக்குள்ளும் புல்லுக்குள்ளும். எது கடித்தாலும் கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடித்த கையையோ காலையோ அசைக்காமல் 1990க்கு எடுத்து அம்புலன்சை வரவழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள். விஷக்கடி வைத்தியரிடம் ஒருதரம் காட்டிவிட்டுப் போவோம் என்று அயலவர் அன்போடுதான் சொல்வார்கள். அந்த நேரத்தை இழக்காதீர்கள்.

1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் அடுத்த ஆண்டே இறந்துபோனார். உடலைப் பேணுவது ஊழியத்தின் பகுதி. காலில் புண்ணோடு வயல் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். வட்டைக்கு (வயல்வெளிக்கு) போகிற காலத்தில், வாரம் ஒருமுறை எடுக்கும் தடுப்பு மாத்திரையைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

செவ்வாய்: கடிதங்கள்

அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், சபையின் கடிதம் மூன்றுக்கும் மும்மூன்று பிரதி எடுத்துச் செல்லுங்கள். கடிதத்தில் உங்கள் பெயர், அனுப்பும் சபை, பொறுப்பான போதகரின் தொலைபேசி, தங்கும் முகவரி, எவ்வளவு காலம் என்பவை இருக்க வேண்டும். முதலில் கிராம அலுவலர், அடுத்து பொலிஸ் நிலையம், மூன்றாவது பிரதேச செயலகம். வவுணதீவுப் பகுதி மண்முனை மேற்குக்குள் வரும், கொக்கட்டிச்சோலை மண்முனை தென்மேற்குக்குள், வெல்லாவெளி போரதீவுப்பற்றுக்குள். பொலிஸுக்கு நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை, புதுமுகத்தை விசாரிப்பது இயல்பு.

நம்பிக்கை கொள்ளவும் அதை வழிபாட்டில் வெளிப்படுத்தவும் அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் உரிமை தருகின்றன. அதை மேசையில் அடித்துச் சொல்லும் நாள் இதுவல்ல. பிறகு வீட்டில் ஆராதனை நடத்தும் எண்ணம் இருந்தால் மறைக்காமல் சொல்லி, அதற்கு என்ன நடைமுறை என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ‘குடியிருக்கத்தான் வந்தேன்’ என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாதம் பலகை மாட்டினால், அதன்பின் உங்கள் எந்தக் கடிதத்தையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

புதன் தொடக்கம் வெள்ளி: மனிதர்கள்

காலை 9 மணிக்கு வீடு வீடாகப் போனால் முதியவர்களும் சிறுபிள்ளைகளும்தான் இருப்பார்கள். வெள்ளாமைக் காலத்தில் ஆண்கள் வட்டையில், காவல் நாட்களில் இரவும் வாடி என்ற காவல் குடிசையில்தான். பின்னேரம் 4.30க்கும் 6க்கும் இடையில் போங்கள். வேலியடியில் நின்று “அக்கா, பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கிறன்” என்று குரல் கொடுத்து, “வாங்க, இருங்க” என்று சொன்ன பிறகே படலையைத் திறக்க வேண்டும். பெண்கள் மட்டும் இருந்தால் முற்றத்தில் நின்று பேசிவிட்டுத் திரும்புங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். வட்டாவில் வெற்றிலை வைத்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மெல்லாவிட்டாலும் பரவாயில்லை. எடுக்காமல் விடுவது அவமதிப்பு.

எங்கே பிறந்தீர்கள், யாருடைய பிள்ளை, என்ன குடி (தாய்வழிக் குலம்) என்று கேட்பார்கள். உங்களை எந்த முறையில் கூப்பிடுவது என்று இடம் தேடும் கேள்வி அது. நேராகப் பதில் சொல்லுங்கள்.

வியாழனோ வெள்ளியோ கோயில் வண்ணக்கரின் வீட்டுக்குப் போங்கள். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்பதை அவர் மற்றவர் வாயால் கேட்கக்கூடாது. கண்ணகி அம்மன் சடங்கு எப்போது என்று விசாரியுங்கள். பல ஊர்களில் வைகாசியில் கதவு திறந்து, திருக்குளிர்த்தியோடு முடியும் வரை ஊரே மச்சம் சமைக்காது. அந்த நாட்களில் உங்கள் அடுப்பில் மீன் பொரிந்தால் மணம் நான்கு வளவுக்குப் போகும். கடைபிடிக்கச் சொல்லி உங்களை ஒருவரும் வற்புறுத்தமாட்டார்கள். மரக்கறி சமைப்பது அயலுக்குச் செய்யும் மரியாதை.

இந்த நாட்களில் உலர் உணவுப் பொதி, கொப்பி, உடுப்பு ஒன்றும் கொடுக்காதீர்கள். இரக்கத்தில் கொடுத்தாலும் ‘சாமான் கொடுத்து மதம் மாற்ற வந்தவர்’ என்ற பெயர் நிலைத்துவிடும், வாங்கிய ஏழைக் குடும்பமும் ஊரில் தலைகுனியும். பசியோடு ஒரு வீடு இருப்பது தெரிந்தால் கிராம அலுவலர் வழியாகச் செய்யுங்கள். பிள்ளைகள் தாங்களாகவே உங்கள் முற்றத்தில் கூடுவார்கள். பெற்றோர் அறியாமல் ஒரு பாட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள், எந்தப் பிள்ளையோடும் அறைக்குள் தனியே இராதீர்கள். இதில் விதிவிலக்கு இல்லை.

அந்த வாரத்தில் ஊரில் செத்தவீடு ஒன்று நடந்தால் அழைப்பை எதிர்பார்க்காமல் போங்கள். கதிரை அடுக்குங்கள், தண்ணீர் கொடுங்கள். கேட்காமல் ஜெபிக்க வேண்டாம்.

காட்டோரக் கிராமமானால் மாலை 6க்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் வயற்பாதையால் வராதீர்கள். நெல் மூட்டையையும் உப்பையும் வீட்டுக்குள் சேர்த்து வைக்காதீர்கள்; அந்த மணத்துக்கு யானை சுவரையே தள்ளும். யானை எந்தப் பக்கத்தால் இறங்கும், மின்வேலி எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பதை வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானையிடம் கேளுங்கள்.

ஞாயிறு

கிட்ட உள்ள ஆலயம் எதுவோ, அது மெதடிஸ்தமானாலும் கத்தோலிக்கமானாலும், அங்கே போய்ப் பின்வரிசையில் இருங்கள். ஆராதனை முடிந்ததும் அங்குள்ள போதகரையோ குருவானவரையோ கண்டு உங்களை அறிமுகப்படுத்துங்கள். அவருடைய சபை மக்களை அழைத்துப்போக வரவில்லை என்பதை வாயாலேயே சொல்லுங்கள்.

இரவு உங்கள் போதகருக்கு ஒரு பக்க அறிக்கை எழுதுங்கள்: செலவு சதம் சதமாக, சந்தித்த அலுவலர்களும் திகதிகளும், நோயாளி உள்ள வீடுகள், கிணற்றின் ஆழம், நகருக்கான முதல் பஸ்ஸும் கடைசிப் பஸ்ஸும். ‘ஆத்துமாக்கள்’ (விசுவாசத்துக்கு வந்தோர்) என்ற பத்தியை வெறுமையாக விடுங்கள். அதற்குக் கீழே, அடுத்த முறை நகரிலிருந்து கொண்டுவர வேண்டிய சாமானை எழுதுங்கள்.