பட்டாளத்து வீட்டில் ஆட்டிசம் உள்ள பிள்ளை: கூடவே வர வேண்டியவை

"அப்பா பக்கத்துல இல்ல, அதான் புள்ள பேச மாட்டேங்குது." பட்டாளத்துக்காரர் வீடுகளில் இதைக் கேட்காத அம்மா இருக்க முடியாது. மாமியார் சொல்வார், பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா சொல்வார், ஊரிலிருந்து சித்தப்பா போன் போட்டும் சொல்வார். அவர் லீவில் வந்தால் சரியாகிவிடும், அடுத்த போஸ்டிங் குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷனாக இருந்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப் போட்டு, இரண்டு வயதில் காட்ட வேண்டிய பிள்ளையை நாலு வயதில் டாக்டரிடம் காட்டுகிறோம். தயவுசெய்து இந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். ஆட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பா சியாச்சினில் இருந்ததால் யாருக்கும் ஆட்டிசம் வந்ததில்லை.

ஒரு வயது தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதிலும் விரலை நீட்டி எதையும் காட்டவில்லை, வந்த இரண்டொரு சொல்லும் நின்றுவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம். பட்டாளத்து மருத்துவ அறையான எம்ஐ ரூமுக்குப் போய் ரெஃபரல் கேளுங்கள். டெல்லியில் இருப்பவர்களுக்கு பேஸ் ஹாஸ்பிட்டல், அங்கிருந்து தௌலா குவான் பக்கத்தில் ஆர்ஆர் என்கிற பெரிய ராணுவ ஆஸ்பத்திரி. "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், அதையே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுது என்றதும் ரெஃபரல் தானாக வந்துவிடும்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வேலூர்ப் பக்கம். என் வீட்டுக்காரர் ஜேசிஓ (ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர்), இப்போது ஃபீல்டில், அதாவது குடும்பம் கூடப் போக முடியாத இடத்தில். நான், பெரியவள், சின்னவன் மூவரும் டெல்லி கன்டோன்மென்டில், ஃபீல்டில் இருப்பவர்களின் குடும்பங்களுக்குத் தரும் எஸ்எஃப் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். ஆட்டிசம் சின்னவனுக்கு. ஊர் மாறினால் தெரபிஸ்ட் மாறுவார், ஸ்கூல் மாறும், டாக்டர் மாறுவார். அதனால் என் யோசனையெல்லாம் ஒன்றுதான்: எது நம்மோடு ரயிலில் ஏறி வருமோ அதில் உழைப்பைப் போடுவது.

அப்படிக் கூட வருவதில் முதலாவது நீங்கள். தெரபி அறைக்குள் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்க்காதீர்கள். உள்ளே விடச் சொல்லிக் கேட்டு, என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று பாருங்கள். விடமாட்டேன் என்கிற இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். ஜசோலாவில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் என்ற அமைப்பு இருக்கிறது. 1991-இல் பெற்றோர் சேர்ந்து தொடங்கியது. பிள்ளையோடு சேர்த்து அம்மா அப்பாவுக்கும் பயிற்சி தருகிறார்கள். டெல்லி போஸ்டிங் கிடைத்திருக்கும்போதே இதையெல்லாம் விசாரித்துவிடுங்கள். அடுத்த ஸ்டேஷன் எந்த மூலையிலோ, யார் கண்டது.

இரண்டாவது தமிழ். டெல்லியில் தெரபி பெரும்பாலும் இந்தியில்தான் நடக்கும். "வீட்டிலும் இந்தியே பேசுங்க, குழந்தை குழம்பிடும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். இரண்டு மொழி புழங்கும் வீட்டில் வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு தாமதமாவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. நமக்கு அரைகுறையாகத் தெரிந்த இந்தியில் பிள்ளையைக் கொஞ்ச முடியுமா? தாத்தா பாட்டியோடு அவனுக்கு என்ன உறவு மிஞ்சும்? சின்னவன் தண்ணீரைப் படம் காட்டிக் கேட்பான். அந்தப் படத்துக்கு அடியில் 'தண்ணி' என்றும் 'பானி' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். அவனுக்கு இரண்டும் புரிகிறது. டேப்லெட் இருந்தால், சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலியைப் பாருங்கள். படத்தைத் தொட்டால் அது பேசும்.

சாமான் கட்டும்போது

போஸ்டிங் ஆர்டர் வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்புப் பெட்டிகள் வெளியே வரும். நமக்கு அது வழக்கமான வேலை. இப்படிப்பட்ட பிள்ளைக்கோ கண்ணெதிரே வீடு காணாமல் போகிறது. பெட்டிகளைச் சில வாரம் முன்னதாகவே காலியாக எடுத்து ஹாலில் போட்டுவிடுங்கள். ஏறி உட்காரட்டும், மூடியைத் தட்டட்டும். மூடியில் வெள்ளை பெயிண்டில் இவர் நம்பரும் பெயரும் எழுதியிருக்கும் அல்லவா? அதேபோல ஒரு பெட்டியில் பிள்ளையின் பெயரை எழுதி, அவன் போட்டோவையும் ஒட்டுங்கள். அது கடைசியாகக் கட்டும் பெட்டி, அங்கே போனதும் முதலில் திறக்கும் பெட்டி. அவன் தட்டு, டம்ளர், விளையாட்டுச் சாமான், படுக்கை விரிப்பு எல்லாம் அதற்குள். விரிப்பைக் கிளம்புமுன் துவைக்கக் கூடாது. பழைய வீட்டு வாசனையோடு போனால்தான் முதல் ராத்திரி கொஞ்சமாவது தூங்குவான்.

புது ஸ்டேஷனில் தெரிந்தவர் யாராவது இருந்தால், குவார்ட்டர்ஸை போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாசல், மாடிப்படி, முக்கியமாக கக்கூஸ். வெஸ்டர்னில் பழகிய பிள்ளை இந்தியன் டாய்லெட்டைப் பார்த்தால் பல நாள் அடக்கி வைத்துக்கொள்ளும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தேவைப்பட்டால் போன கையோடு ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போடுங்கள். குவார்ட்டர்ஸைப் பராமரிக்கும் எம்இஎஸ்ஸில் எழுதிக் கொடுத்து மாற்றும்வரை பிள்ளை தாங்காது.

அப்புறம் காலண்டர். மொபைல் காலண்டர் இல்லை, நம் ஊர் தினசரிக் காலண்டர், ஒவ்வொரு தாளாகக் கிழிப்பது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வருடா வருடம் வாங்கி வைத்துவிடுகிறேன். காலையில் எழுந்ததும் தாள் கிழிப்பது சின்னவன் வேலை, வேறு யாரும் கை வைக்கக் கூடாது. கிளம்பும் தேதித் தாளில் ரயில் வரைந்து வைத்தால், அது நெருங்குவது அவனுக்குத் தெரிகிறது. அப்பா வரும் தேதியில் அப்பா போட்டோ. ஆனால் இதில் ஒரு கண்டிப்பு வேண்டும்: அவர் ரயிலிலோ விமானத்திலோ ஏறி உட்கார்ந்து போன் செய்த பிறகுதான் போட்டோவை ஒட்ட வேண்டும். லீவ் சாங்ஷன் ஆவதையும் கேன்சல் ஆவதையும் நாம் சகித்துக்கொள்வோம். காலண்டரில் இருந்த அப்பா வரவில்லை என்பதை அவனுக்கு எந்தப் படம் காட்டியும் விளக்க முடியாது.

அப்பா லீவில் வரும்போது

எல்லோரும் அப்பா போவதைத்தான் கஷ்டம் என்பார்கள். வருவது அதைவிடக் கஷ்டம். மாதக்கணக்கில் மூன்று பேராக ஓடிய வீட்டில் நாலாவதாக ஓர் ஆள் நுழைகிறார். டிவி சத்தம் மாறுகிறது, பாத்ரூம் நேரம் மாறுகிறது, ஜாக்கெட்டிலிருந்து வேறு வாசனை வருகிறது. அவரும் ஆசையாக ஓடி வந்து தூக்குவார், பிள்ளை கடித்துவிடும். "என் புள்ளைக்கே என்னைத் தெரியல" என்று அவர் மூஞ்சி தொங்கிப்போகும். முன்னாலேயே போனில் சொல்லி வைத்துவிடுங்கள்: வந்ததும் கூப்பிடாதீர்கள், தூக்காதீர்கள், பக்கத்தில் போய்ச் சும்மா இருங்கள்.

இவர் செய்வது இதுதான். குளித்து லுங்கிக்கு மாறி, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து செர்ரி பிளாஸம் ஷூ பாலிஷ் டப்பாக்களை எடுத்து வரிசையாக வைக்க ஆரம்பிப்பார். காலி டப்பாவைக்கூட தூக்கிப் போடாமல் இதற்காகவே சேர்த்து வைப்பார். நிமிர்ந்து பார்க்க மாட்டார். சின்னவன் சமையல்கட்டு வாசலில் நின்று கவனிப்பான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, கோணலாக இருக்கும் டப்பாவை நேராக்குவான். இவர் வேண்டுமென்றே அடுத்ததையும் கோணலாக வைப்பார். அதற்குப் பிறகு முழங்கால் முழங்காலோடு ஒட்டிக்கொள்ளும். சில சமயம் அன்றைக்கே, சில சமயம் மறுநாள்.

இன்னொன்று. வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவ், 30 நாள் கேஷுவல் லீவ் என்று இருக்கிறதே, அதில் ஆனுவல் லீவை மொத்தமாக எடுத்து வந்த மறுநாளே காட்பாடிக்கு டிக்கெட் போடுவது நம் ஆட்களின் வழக்கம். முதல் சில நாள் வீட்டிலேயே இருங்கள். ஊரில் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். முடிந்தால் லீவைப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். ஃபீல்டில் நெட்வொர்க் இல்லாத காலத்துக்கென்று, அவர் தூங்க வைக்கும்போது சொல்லும் அதே வார்த்தைகளை வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ காலில் பிள்ளை திரையைப் பார்க்காமல் முதுகைக் காட்டினாலும் கட் பண்ண வேண்டாம். காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

வாசல் காவலும் சத்தமும்

கன்டோன்மென்டில் ஒரு வசதி, எல்லா வாசலிலும் சென்ட்ரி நிற்பார். பிள்ளை வெளியே ஓடும் பழக்கம் உள்ளதென்றால், போட்டோ, வீட்டு நம்பர், போன் நம்பர் போட்டு இந்தியில் ஒரு அட்டை எழுதி கேட்டில் கொடுத்துவிடுங்கள். "கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உடனே போன் செய்யுங்கள்" என்பது போதும். டியூட்டி ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அவ்வப்போது போய் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பாலம் விமானச் சத்தம், குடியரசு தின ஒத்திகை, தீபாவளி வெடி மூன்றுக்கும் காதை மூடும் ஹெட்ஃபோன் வாங்குங்கள். டெல்லிக் குளிருக்கு கம்பளி ஸ்வெட்டர் குத்துகிறது என்று கிழித்தெறிந்தால், உள்ளே பருத்தி பனியனைத் தையல் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டு, அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டுப் பாருங்கள்.

ஃபைல்

இது சலிப்பான வேலை, ஆனால் காசு இங்கேதான் இருக்கிறது. மாற்றுத்திறன் சட்டம் 2016-இல் சொல்லப்பட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஐசா என்ற 40 கேள்விகள் கொண்ட அளவுகோலில் மதிப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள். மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அது நாடு முழுக்கச் செல்லும், ஊர் மாறும் நமக்கு அதுதான் வசதி. 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலான சலுகைகள் திறக்கும். அதை வைத்து யூனிட் கிளார்க்கிடம் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தைப் பட்டாளப் பதிவேட்டில் ஏற்றும் உத்தரவு) போடச் சொல்லுங்கள். அந்த ஆர்டர் இல்லாவிட்டால் பட்டாளத்தின் கணக்கில் உங்கள் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. கல்விப் படி 2024 ஜனவரியிலிருந்து மற்றப் பிள்ளைக்கு மாதம் ரூ. 2,812.50, இவர்களுக்கு இரட்டிப்பாக ரூ. 5,625. சிகிச்சையும் சிறப்புப் பள்ளியும் உள்ள ஸ்டேஷனுக்கு போஸ்டிங் கேட்கவும் இந்தக் காகிதம்தான் துணை. கேட்டதெல்லாம் கிடைக்காது, இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். ஆவா என்கிற பட்டாளத்துப் பெண்கள் நலச் சங்கம் நடத்தும் ஆஷா ஸ்கூல் என்ற சிறப்புப் பள்ளி டெல்லி கன்டோன்மென்டிலும் வேறு பல ஸ்டேஷன்களிலும் இருக்கிறது. வெல்ஃபேர் மீட்டிங்கில் சிஓ மேடம் (யூனிட் தலைமை அதிகாரியின் மனைவி) "ஏதாவது பிரச்சினையா" என்று கேட்கும்போது எல்லோரும் "இல்ல மேடம்" என்று சிரிப்போமே, அன்றைக்கு வாயைத் திறந்து கேட்க வேண்டியது இதைத்தான்.

கடைசியாக பென்ஷன். சம்பாதித்து வாழ முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு, பெற்றோர் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸிலும் அவர்களுக்கு வயது வரம்பு கிடையாது. 18 வயது ஆனதும் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்படி சட்டப்பூர்வக் காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். பிள்ளையின் பெயரை பிபிஓவில் (பென்ஷன் வழங்கும் ஆணை) ஏற்றும் வேலையை அவர் ரிட்டயர்மென்ட் காகிதம் போடும்போதே ரெக்கார்ட் ஆபீஸ் மூலம் முடித்துவிடுங்கள். பெயர் ஏறியதை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு ஜெராக்ஸை உங்கள் அம்மா வீட்டு பீரோவிலும் போட்டு வையுங்கள்.