வெளியூரில் பழைய பைக் வாங்கினால் பார்சலா, நேரில் போவதா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெங்களூர் போய்வர அலுத்துக்கொண்டு, போட்டோவை மட்டும் பார்த்து வாங்கிய பைக்கை ரயில் பார்சலில் வரவழைத்தேன். பாலக்காடு ஜங்ஷனில் சாக்கைப் பிரித்தால் கிளட்ச் லீவர் வளைந்திருந்தது. அதைவிட வருத்தம் பின் டயர்தான். பக்கவாட்டில் 2316 என்று இருந்தது. 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். நேரில் போயிருந்தால் குனிந்ததுமே தெரிந்திருக்கும்.

அதனால் பழைய வண்டி என்றால் நேரில் போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜின் பக்கம் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடித்தால், ஆறிய வண்டி எளிதில் கிளம்பாது என்பதை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு, அதாவது பதிவுச் சான்றோடு, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அப்புறம், கர்நாடக வண்டியைக் கேரளத்துக்கு மாற்ற கர்நாடக ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும், அது படிவம் 28. அதோடு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-லும் விற்பவர் கையெழுத்து விழாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

திரும்பும்போது ஓசூர், சேலம், வாளையார் வழி நல்ல சாலை. முடியாது, பார்சல்தான் என்றால் சரி: பெட்ரோலை முழுதாக வடித்து, கண்ணாடிகளைக் கழற்றி, லீவர்களில் வைக்கோல் சுற்றச் சொல்லுங்கள். சாக்கு கட்டும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுக்கட்டும்.