பழைய ஆஸ்திரேலியக் கொச்சைச் சொற்களைச் செய்தித்தாளில் தேடிப் பிடிப்பது எப்படி

காட்பாடியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே இருநூறு வருஷத்துக்கு முந்தைய சிட்னிக்காரர்கள் எப்படிப் பேசினார்கள் என்று தேடலாம், பைசா செலவில்லை. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்துக்குப் போங்கள். 1803 மார்ச் 5-ல் வந்த சிட்னி கெஜட் முதல் இதழில் தொடங்கி, பெரும்பாலும் 1954 வரை வந்த பத்திரிகைகள் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன.

தேடும் சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், செய்தித்தாள் பிரிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பழைய தேதி முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். அப்புறம்தான் வேலையே. முதலில் வந்து நிற்பதை நம்பிவிடக் கூடாது. பழைய அச்சைக் கணினி படித்து எழுத்தாக்கியிருப்பதால் மை பரவிய இடத்தில் வேறொரு சொல் நம் சொல் போலத் தெரியும், அதனால் பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் பார்த்தே தீர வேண்டும். டீ கொதிக்க வைக்கும் தகரப் பாத்திரத்துக்கு அங்கே பில்லி என்று பெயர். அதை மட்டும் தேடினால் பில்லி என்று பெயர் வைத்த ஆள்கள்தான் வரிசையாக வருவார்கள், கூடவே டீ என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

சொல் கிடைத்ததும் அந்த ஒரு வரியோடு நிற்காமல் செய்தி முழுவதையும் படியுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். 'பெயில் அப்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குடியாத்தம் பக்கம் முரட்டு மாட்டைப் பின்னங்காலைக் கட்டிக் கறப்பார்கள் இல்லையா, அங்கே மாட்டின் தலையை ஒரு மரச் சட்டத்துக்குள் விட்டு அசையாமல் பூட்டிக் கறப்பார்கள். அப்படிப் பூட்டுவதுதான் பெயில் அப். அதே சொல்லைத்தான் பிறகு வழிப்பறிக்காரன் துப்பாக்கியை நீட்டி, அசையாமல் நில்லு என்பதற்குக் கத்தினான். ஒரே சொல் பால் கறக்கும் செய்தியிலும் கொள்ளைச் செய்தியிலும் வரும், எது எந்த வருஷம் என்று எழுதி வைத்தால்தான் அது தொழுவத்திலிருந்து சாலைக்குப் போன வழி தெரியும். அந்த வழிப்பறிக்காரனின் பெயரான புஷ்ரேஞ்சர் 1805-லேயே சிட்னி கெஜட்டில் வந்துவிட்டது.

இன்னொரு அடையாளம், மேற்கோள் குறி. மெல்போர்ன் தெருப் பொறுக்கிகளை 1870 வாக்கில் லாரிக்கின் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இப்படிப்பட்ட புதுச் சொல்லைப் பத்திரிகைக்காரர்கள் மேற்கோளுக்குள் போடுவார்கள், அல்லது பக்கத்திலேயே அர்த்தம் சொல்வார்கள். அந்தக் குறி எந்த வருஷத்தில் உதிர்கிறது என்று பாருங்கள், சொல் ஊரோடு கலந்துவிட்டது என்று புரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஜேம்ஸ் ஹார்டி வோ 1812-ல் தொகுத்த திருடர் மொழிப் பட்டியல் கட்டாயம் வேண்டும். நாடு கடத்தப்பட்ட கைதி அவர். அதில் ஸ்வேக் என்றால் மூட்டை, அடித்த கொள்ளைப் பொருள். பிந்தைய செய்தித்தாள்களிலோ அது வேலை தேடி ஊர் ஊராக நடப்பவன் முதுகில் சுமக்கும் படுக்கைச் சுருட்டு.

கிடைத்ததை எல்லாம் பத்திரிகைப் பெயர், தேதி, பக்கம், முழு வாக்கியம் என நோட்டில் ஏற்றுங்கள். கணினி தப்பாகப் படித்த எழுத்தை அங்கேயே நீங்கள் திருத்தவும் முடியும், திருத்திவிட்டு வாருங்கள், அடுத்துத் தேடுகிறவருக்கு அந்தச் சொல் அகப்படும்.

பழக ஒரு சொல் வேண்டுமென்றால் வேலர். நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலேறி இந்தியாவில் வெள்ளைக்காரர் படைக்கு வந்த குதிரை அது. மெட்ராஸ் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.