காரின் குளிரூட்டும் தொகுதியைச் சோதிக்கும் முறை

மாலை வேளையில் கொழும்பின் காலி வீதி (Galle Road) நெரிசலில் ஊர்ந்து செல்லும் காருக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை. ரேடியேட்டரின் வெப்பத்தை வெளியேற்றும் பொறுப்பு முழுவதும் மின்விசிறியின் மேல் விழுகிறது. ஆகவே அதிவேகப் பாதையில் குறை காட்டாத கார் வெள்ளவத்தை நெரிசலில் மட்டும் சூடேறினால், முதலில் விசிறியையே சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏசியை இயக்கியதும் விசிறி சுழலத் தொடங்கும். சுழலாவிட்டால் பியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்த்துச் செல்லலாம்.

மற்றச் சோதனைகளை என்ஜின் முற்றாக ஆறியபின் தொடங்குங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தம் நீங்கிய கணத்திலேயே 100 பாகை செல்சியசைத் தாண்டிய திரவம் கொதித்துச் சீறி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். ஆறியபின் கூலன்டின் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின்) மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். துருநிறம் உள்ளே அரிப்பு நடப்பதைக் காட்டும். எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலைக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பழுதடைந்திருக்கலாம். கூலன்ட் நீர் உறையாமல் தடுக்கத்தானே, கொழும்பில் எதுவும் உறையாது, குழாய்த் தண்ணீரே போதும் என்பார்கள். ஆனால் கூலன்ட் அரிப்பைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் சேர்க்கப்படுகிறது என்பதால் அந்த வாதம் செல்லாது.

ஹோஸ்களை அழுத்திப் பார்த்து, வீக்கமும் வெடிப்பும் இல்லையென உறுதிசெய்யுங்கள். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையருகே கறை படிந்திருந்தால் அதன் சீல் தேய்ந்துவிட்டது.

கசிவைக் கண்டறிய மிக நம்பகமானது அழுத்தச் சோதனை. மூடியின் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் பொறித்துள்ள அளவுக்கு, பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார் வரை, காற்றை ஏற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். பம்பின் அழுத்தமானி முள் இறங்கியும் வெளியே ஈரம் தெரியாவிட்டால், இடப்பக்க முன்னிருக்கையின் காலடியிலுள்ள கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். ஏசி நீரும் அங்கே தேங்குவதுண்டு. ஆனால் விரலில் வழுவழுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடான காற்றைத் தரும் சிறு ரேடியேட்டர்) கசிகிறது. அங்கும் காய்ந்திருந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும்: ரேடியேட்டர் வாயில் நீலச் சோதனைத் திரவம் உள்ள குழாயைப் பொருத்தி என்ஜினை ஓடவிடும்போது, சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

மூடியையும் அதே பம்பில் மாட்டிச் சோதிக்கலாம். என்ஜின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால், மூடியின் வெற்றிட வால்வு திறப்பதில்லை என்று பொருள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் புதிய மூடி வாங்கும்போது அளவு பொருந்தினால் மட்டும் போதாது, அழுத்த எண்ணும் பழையதுடன் ஒத்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு. என்ஜினை ஓடவிட்டு, விசிறியிலிருந்து விலகி நின்று மேல் ஹோஸைத் தொட்டறியுங்கள்: பொதுவாக 82 முதல் 88 பாகையில் வால்வு திறந்ததும் அது சட்டென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு திறந்தபடியே சிக்கியுள்ளது. வெப்பமானி ஏறியும் ரேடியேட்டர் ஹோஸ்கள் குளிர்ந்தே இருந்தால் அது திறக்கவேயில்லை, என்ஜினை உடனே நிறுத்துங்கள்.

பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் இன்வேர்ட்டருக்கென (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றதாக மாற்றும் கருவிக்கென) தனிக் கூலன்ட் தொட்டி உண்டு. அதன் மட்டத்தையும் தவறாது பாருங்கள்.