காரைக்குடியைச் சுற்றி மனை வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வேலை காரைக்குடியில், வீடு கோட்டையூரிலோ அமராவதிபுதூரிலோ என்று இருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூரும் கண்டனூரும் அதோடு சேர்ந்தன. அன்றிலிருந்து புரோக்கர் வாயில், அதில் சேராத புதுவயல், பள்ளத்தூர் மனைகூட 'மாநகராட்சி மனை'தான். கடைசியாகக் கட்டிய வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த உள்ளாட்சி என்பது அதிலேயே இருக்கும்.

பெரிய தவறு, சித்திரை வெயிலில் மனை பார்த்து முன்பணம் கொடுப்பது. அப்போது எல்லா இடமும் மேடாகத்தான் தெரியும். இந்தப் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில். கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலைத் தூர்த்துப் பிளாட் போட்டிருந்தால் அப்போதுதான் வெளிச்சமாகும். பழைய நகரத்தார் வீடுகளைக் கவனியுங்கள்: தெருவிலிருந்து படியேறித்தான் திண்ணை. முற்றத்து மழை வெளியேற வாய்க்கால், அது போய்ச் சேர ஊருணி. நாமோ ரோட்டு மட்டத்துக்கே தளம் போடுகிறோம். ரோட்டை இரண்டு முறை உயர்த்திப் போட்டால் வாசல் பள்ளமாகிவிடும். புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு) பார்த்து, பக்கத்துச் சர்வே எண்கள் கண்மாயா, ஓடையா, வண்டிப்பாதையா என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஆடு மேய்க்கிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், தண்ணீர் வரும் வழி அவருக்குத் தெரியும்.

அங்கீகாரமில்லாத மனையை 'பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்', அதாவது கட்டணம் கட்டி அரசிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்று வாங்குவதும் நடக்கிறது. 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20-க்குள் ஒரு மனையாவது விற்றுப் பத்திரம் பதிவான மனைப்பிரிவுகளுக்குத்தான்.

பழைய வீட்டில் ஒரு பங்கு மலிவாக வருகிறதென்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு. இதில் அவசரமே கூடாது. பங்காளிகள் சென்னையில், மலேசியாவில் என்று சிதறிக் கிடப்பார்கள், பாகப்பிரிவினை ஆகியிருக்காது. பிரிக்காத குடும்ப வீட்டில் வெளியாள் பங்கு வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அனுபவிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 44. பத்திரம் கையில் இருக்கும், குடியேற முடியாது. பாகம் கேட்டு வழக்குப் போட வேண்டும். எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டால் மட்டும் பேசுங்கள்.

பக்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறது என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். 'தேவகோட்டை ரோடு' ஸ்டேஷனில் இறங்கினால் தேவகோட்டைக்குப் பஸ்தான் பிடிக்க வேண்டும். கோட்டையூரில் ஸ்டேஷன் உண்டு, ஆனால் உங்கள் வேலை நேரத்துக்கு வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். இரவு ஷிப்ட் உள்ளவர்கள் கடைசி டவுன் பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டு விலை பேசலாம்.