நீல இன்ஹேலர் எங்கே இருக்க வேண்டும்?

எனக்கு ஆஸ்துமா. லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு விமானத்தில் கிளம்பும்போது ஊறுகாய் பாட்டிலுக்கு முன்னால் நான் எடுத்து வைப்பது, மூச்சுத் திணறினால் உடனே இழுக்கும் நீல இன்ஹேலரைத்தான். கூடவே புதிதாக இன்னொன்று, ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்க உதவும் குழாய்), மருந்தின் வேதிப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டு. எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டியில் போட்டால் வழியில் கைக்கு எட்டாது. கைப்பையையும் மேலே தூக்கி வைத்துவிட்டால் சீட் பெல்ட் விளக்கு எரியும் நேரத்தில் எழ முடியாது. அதனால் இன்ஹேலர் மட்டும் சட்டைப்பையில்.

தினமும் இழுக்கும் தடுப்பு மருந்தைப் பயணத்துக்காக நிறுத்தாதீர்கள். முந்தின நாட்களில் இளைப்பு கூடியிருந்தால் டாக்டரைப் பார்க்காமல் ஏற வேண்டாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தொண்டை காயும், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்.

எனக்கு எதிரி பக்கத்து சீட்டு சென்ட்தான். ஓடுபாதையில் நகர்வதற்கு முன்பே பணிப்பெண்ணிடம் சொன்னால், இடம் இருந்தால் மாற்றித் தருவார்கள். இன்ஹேலர் இழுத்தும் மூச்சு அடங்கவில்லையா? கூச்சப்படாமல் மணியை அழுத்துங்கள். உள்ளே ஆக்சிஜன் உண்டு.